பேதியைத் தடுக்க ஒரு கேப்சூல் போதுமா?

இடுப்புப் பகுதிக்கு ரேடியேஷன் கொடுக்கப் போகிறார்கள் என்று தெரிந்தவுடன் அக்கறையுள்ளவர்களிடமிருந்து இரண்டு அறிவுரைகள் வரும். வயிறு கெட்டுப்போகும், பார்த்துக்கொள்ளுங்கள் என்பது ஒன்று. குடலுக்கு நல்லது செய்யும் உயிருள்ள பாக்டீரியா அடங்கிய புரோபயாடிக் வாங்கிக் கொடுங்கள் என்பது அடுத்தது. பெரியம்மாவுக்குக் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் என்று உறுதியானபோது எங்கள் குடும்பத்திலும் அப்படித்தான். ஆளாளுக்கு ஒரு டப்பாவின் படத்தை அனுப்பினார்கள். ஒன்றில் நூறு கோடி பாக்டீரியா இருந்தது, இன்னொன்றில் ஐயாயிரம் கோடி. பெரியம்மா அதையெல்லாம் பொறுமையாகப் பார்த்துவிட்டு என்னிடம் ஒரே கேள்விதான் கேட்டார்: "இதைச் சாப்பிட்டா எனக்குப் பேதி ஆகாதா?"

நான் மருத்துவர் இல்லை. ஆனால் ஆய்வுக் கட்டுரைகளைப் படித்துப் புரிந்துகொள்கிற அளவுக்குப் பழக்கம் உண்டு. பெரியம்மாவின் கேள்விக்கு 'ஆமாம்' என்றோ 'இல்லை' என்றோ சொல்லிவிடலாம் என்று நினைத்துத்தான் உட்கார்ந்தேன். விஷயம் அவ்வளவு சுலபமாக முடியவில்லை.

முதலில், வயிறு ஏன் கெடுகிறது? கர்ப்பப்பை, மலக்குடல் போன்ற இடங்களில் வரும் புற்றுநோய்க்குப் பொதுவாக வாரத்தில் ஐந்து நாள், ஒரு நாளைக்கு 1.8 முதல் 2 கிரே (கதிர்வீச்சை அளக்கும் அலகு) அளவு, ஐந்து வாரங்களில் மொத்தம் 45 முதல் 50 கிரே வரை வெளியிலிருந்து கதிர்வீச்சு கொடுப்பார்கள். அந்தப் பாதையில் குடலும் கொஞ்சம் மாட்டிக்கொள்கிறது. சிறுகுடலின் உட்சுவர் உடம்பில் மிக வேகமாகப் புதுப்பிக்கப்படும் பகுதிகளில் ஒன்று. மேலே இருக்கும் செல்கள் மூன்று முதல் ஐந்து நாட்களில் உதிர்ந்துவிடும். அடியிலுள்ள குழிகளில் இருக்கும் மூலச்செல்கள் பிரிந்து பிரிந்து புதிய செல்களை மேலே அனுப்பிக்கொண்டே இருக்கும். வேகமாகப் பிரியும் செல்லைத்தான் கதிர்வீச்சு நன்றாகத் தாக்கும். புற்றுநோய் செல் சாவதும் அதனால்தான், குடலின் மூலச்செல் சாவதும் அதனால்தான். உதிர்வது உதிர்ந்துகொண்டே இருக்க, ஈடுகட்ட வேண்டியது குறைந்துபோகிறது. உணவை உறிஞ்சும் குடலுறிஞ்சிகள் குட்டையாகிவிடுகின்றன.

அதனால்தான் முதல் வாரத்தில் பெரும்பாலும் ஒன்றும் தெரியாது. இரண்டாவது, மூன்றாவது வாரத்தில் ஆரம்பிக்கும். அதற்குள் சங்கிலி போலப் பல விஷயங்கள் நடந்திருக்கும். பாலிலுள்ள லாக்டோஸைச் செரிக்கும் நொதி குறையும், பால் ஒத்துக்கொள்ளாது. சிறுகுடலின் கடைசிப் பகுதி பித்த உப்புகளைத் திரும்ப உறிஞ்ச முடியாமல் விட்டுவிடும். அவை பெருங்குடலுக்குள் போய் நீரை வரவழைக்கும். குடலின் அசைவு வேகமாகும். குடலில் வாழும் பாக்டீரியாக்களின் கூட்டமும் மாறும்.

புரோபயாடிக் நுழைவது இந்தக் கடைசிப் புள்ளியில். லாக்டோபேசில்லஸ், பிஃபிடோபாக்டீரியம் போன்றவற்றை வெளியிலிருந்து கொடுத்தால் அவை தீய கிருமிகளுக்கு இடம் விடாமல் தடுக்கும், குடற்சுவரின் செல்களுக்கிடையே உள்ள இணைப்புகளை இறுக்கும், அழற்சியைக் குறைக்கும் என்பது எதிர்பார்ப்பு. கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் இந்தக் கதையை அப்படியே நம்ப விடாத ஒரு தகவல் உண்டு. பாக்டீரியாவே இல்லாத சூழலில் வளர்க்கப்பட்ட எலிகளுக்கு உயிரைப் பறிக்கும் அளவு கதிர்வீச்சு கொடுத்துப் பார்த்தார்கள். சாதாரண எலிகளைவிட அவற்றின் குடல் நன்றாகவே தாக்குப்பிடித்தது. ஆக, "நல்ல பாக்டீரியா காப்பாற்றும்" என்று மட்டும் சொல்லி முடித்துவிட முடியாது. எந்த பாக்டீரியா, எப்போது, எவ்வளவு என்பதுதான் கேள்வி.

மனிதர்களிடம் நடந்த சோதனைகளுக்கு வருவோம். அதிகம் மேற்கோள் காட்டப்படுவது 2007இல் வெளியான இத்தாலிய ஆய்வு. குடல் அல்லது கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்க்கு அறுவை சிகிச்சை முடிந்து, அடுத்து கதிர்வீச்சுக்கு வந்த 490 பேர். பாதிப் பேருக்கு எட்டு வகை பாக்டீரியா கலந்த வி.எஸ்.எல்.3 என்ற தூள், மீதிப் பேருக்குப் பார்வைக்கு அதேபோல இருக்கும் மருந்தில்லாத தூள். மருந்தில்லாத தூள் எடுத்தவர்களில் 51.8 சதவீதம் பேருக்கு வயிற்றுப்போக்கு வந்தது, வி.எஸ்.எல்.3 எடுத்தவர்களில் 31.6 சதவீதம். மலம் கழித்த எண்ணிக்கை ஒரு பக்கம் சராசரியாக நாளுக்கு 14.7, மறுபக்கம் 5.1.

இந்த எண்ணைப் பார்த்ததும் எனக்கே உடனே கடைக்கு ஓடலாம் போலிருந்தது. 14.7 என்றால் ஒருவர் தூங்கவே முடியாது. அது 5 ஆனால் வாழ்க்கையே வேறு. ஆனால் ஒரே ஆய்வில் இவ்வளவு பெரிய வித்தியாசம் வரும்போது எனக்கு மகிழ்ச்சியோடு கொஞ்சம் சந்தேகமும் வரும். மற்றவர்கள் செய்தபோதும் இதே அளவு கிடைத்ததா என்று பார்க்கத் தோன்றும்.

2008இல் வெளியான ஸ்பெயின் ஆய்வில் 85 பெண்களில் ஒரு பகுதியினருக்கு லாக்டோபேசில்லஸ் கேசி சேர்த்துப் புளிக்கவைத்த பானத்தைத் தினமும் மூன்று வேளை கொடுத்தார்கள். பேதி வந்தவர்களின் விகிதத்திலோ பேதியை நிறுத்தும் லோபராமைடு மாத்திரை தேவைப்பட்டவர்களின் எண்ணிக்கையிலோ குறிப்பிடத்தக்க குறைவு இல்லை. மலம் கொஞ்சம் கட்டியாக இருந்தது, அவ்வளவுதான். 2010இல் வெளியான தாய்லாந்து ஆய்வில் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் கொண்ட 63 பேரில் ஏறக்குறைய பாதிப் பேருக்கு லாக்டோபேசில்லஸ் அசிடோஃபிலஸும் பிஃபிடோபாக்டீரியம் பிஃபிடமும் சேர்த்துக் கொடுத்தார்கள்; ஓரளவுக்கு மேற்பட்ட பேதி அதை எடுக்காதவர்களில் 45 சதவீதம் பேருக்கு வந்தது, எடுத்தவர்களில் 9 சதவீதம் பேருக்குத்தான். பெரியம்மாவின் நிலைமைக்கு மிக நெருங்கிய ஆய்வு இதுதான் என்பதால் இதை நான் இரண்டு முறை படித்தேன். ஆனால் 63 பேர் என்பது சிறிய எண்ணிக்கை. நாலைந்து பேருக்கு வேறு மாதிரி நடந்திருந்தாலே சதவீதம் புரண்டிருக்கும்.

இப்படிச் சிதறிக் கிடப்பவற்றையெல்லாம் மருத்துவ ஆய்வுகளை அலசித் தொகுக்கும் காக்ரேன் அமைப்பு 2018இல் ஒன்றாகத் தொகுத்தது. கீமோ, கதிர்வீச்சு இரண்டையும் சேர்த்து 12 ஆய்வுகள், 1554 நோயாளிகள். கதிர்வீச்சு எடுப்பவர்களுக்கு பேதி வரும் வாய்ப்பை புரோபயாடிக் குறைக்கக்கூடும். ஆனால் ஆதாரத்தின் உறுதி குறைவு. அந்தத் தொகுப்பின் சாரம் அவ்வளவே. 'குறைக்கக்கூடும்' என்று நிறுத்திக்கொண்டதைக் கவனியுங்கள். ஒவ்வொரு ஆய்விலும் பாக்டீரியா வேறு, அளவு வேறு, பேதியை அளந்த விதம் வேறு. கூட்டினால் கிடைக்கும் சராசரி யாருடைய டப்பாவுக்கும் சரியாகப் பொருந்தாது.

நிபுணர் குழுக்களுக்குள்ளேயே ஒத்த கருத்து இல்லை. புற்றுநோய் சிகிச்சையின் பக்கவிளைவுகளுக்கென்றே இயங்கும் மாஸ்க் என்ற பன்னாட்டுச் சங்கம், இடுப்புப் பகுதிப் புற்றுநோய்க்குக் கதிர்வீச்சோ கீமோவோ எடுப்பவர்களுக்கு லாக்டோபேசில்லஸ் கொண்ட புரோபயாடிக்கைப் பரிசீலிக்கலாம் என்கிறது. ஐரோப்பிய மருத்துவ ஊட்டச்சத்துச் சங்கமான எஸ்பென் அதே ஆய்வுகளை வைத்துக்கொண்டு, பரிந்துரைக்கும் அளவுக்குச் சீரான ஆதாரம் இல்லை என்று சொல்லிவிட்டது. இரண்டு பக்கமும் விவரம் தெரிந்தவர்கள்தான். அதனால் ஒரு டாக்டர் எழுதிக் கொடுப்பதும் இன்னொருவர் வேண்டாம் என்பதும் யாருடைய அறியாமையும் இல்லை.

சரி, கொடுத்துப் பார்க்கலாம் என்று முடிவெடுத்தால் எதைக் கொடுப்பது? எனக்கு உண்மையிலேயே எரிச்சல் வந்தது இந்த இடத்தில்தான். இத்தாலிய ஆய்வில் ஒரு பொட்டலத்துக்கு 45,000 கோடி பாக்டீரியா, தினமும் மூன்று வேளை. எங்களுக்குப் படம் வந்த டப்பாக்களில் பெரியதே ஐயாயிரம் கோடிதான். அதைவிட மோசம், வி.எஸ்.எல்.3 என்ற பெயரில் இப்போது கிடைப்பதே அன்று சோதித்த கலவை என்று நம்ப முடியாது. கலவையை உருவாக்கிய கிளாடியோ டி சிமோனே அந்த நிறுவனத்திலிருந்து விலகிய பிறகு, 2016 முதல் அமெரிக்காவில் அதே பெயரில் வேறு கலவை விற்பனைக்கு வந்தது. பழைய கலவை விஸ்பயோம் என்ற வேறு பெயரில் போனது. இது நீதிமன்றம் வரை சென்ற வழக்கு. ஆக, ஆய்வுக் கட்டுரையில் படித்த பெயரைக் கடையில் கேட்டு வாங்கினாலும் படித்த பொருள் கிடைக்காமல் போகலாம்.

தாய்லாந்து ஆய்விலோ ஒரு வேளைக்கு வெறும் 200 கோடி, தினமும் இரண்டு வேளை. அவ்வளவு குறைந்த அளவிலும் நல்ல பலன் வந்திருக்கிறது. டப்பாவின் மேல் இருக்கும் கோடிக்கணக்கைப் பார்த்து 'இது அதிகம், இதுதான் நல்லது' என்று தேர்ந்தெடுப்பதில் அர்த்தமில்லை என்று எனக்குப் பட்டது. பார்க்க வேண்டியது பாக்டீரியாவின் முழுப் பெயரும், தயாரித்த தேதியில் இல்லாமல் காலாவதித் தேதி வரை எத்தனை உயிரோடு இருக்கும் என்று எழுதியிருக்கிறதா என்பதும்.

தயிர் போதாதா என்று கேட்பவர்கள் நிறைய. தயிரில் பாக்டீரியா லாக்டோஸின் ஒரு பகுதியைத் தின்றுவிடுவதால் பாலைவிட அது வயிற்றுக்கு எளிது. சாப்பிட முடிந்தால் சாப்பிடலாம், புரதமும் கிடைக்கும். ஆனால் வீட்டுத் தயிரில் எந்த வகை எவ்வளவு இருக்கிறது என்று யாருக்கும் தெரியாது. அதை மருந்தின் இடத்தில் வைக்க முடியாது.

எப்போது தொடங்குவது என்பதும் முக்கியம். தாய்லாந்து ஆய்வில் கதிர்வீச்சு தொடங்குவதற்கு ஏழு நாள் முன்பே கொடுக்க ஆரம்பித்தார்கள். அமெரிக்காவில் எலிகளை வைத்து நடந்து 2012இல் வெளியான ஒரு ஆய்வில், லாக்டோபேசில்லஸ் ராம்னோசஸை கதிர்வீச்சுக்கு முன்னால் கொடுத்தபோது குடலின் குழிகள் கூடுதலாகப் பிழைத்தன. பின்னால் கொடுத்தபோது அந்தப் பலன் இல்லை. எலி வேறு, மனிதர் வேறு. ஆனாலும் பேதி ஆரம்பித்த பிறகு மூன்றாவது வாரத்தில் ஓடிப்போய் வாங்குவதால் பெரிதாக எதிர்பார்க்க முடியாது என்று இதைப் படித்தபின் எனக்குத் தோன்றியது.

ஆபத்து இல்லையா? இந்த ஆய்வுகளில் புரோபயாடிக்கால் பெரிய கெடுதல் வந்ததாகப் பதிவில்லை. ஆனால் சோதனையில் சேர்க்கப்படுபவர்கள் பெரும்பாலும் ஓரளவு தெம்பானவர்கள். கதிர்வீச்சோடு வாரம் ஒரு முறை சிஸ்பிளாட்டின் என்ற கீமோ மருந்து கொடுக்கும்போது வெள்ளையணுக்கள் இறங்கக்கூடும். அப்போது புண்பட்ட குடற்சுவர் வழியாக, நாமே விழுங்கிய உயிருள்ள பாக்டீரியா ரத்தத்துக்குள் போக வாய்ப்பிருக்கிறது. அரிதுதான், ஆனால் நடந்திருக்கிறது. சாக்கரோமைசஸ் பவுலார்டி என்பது பாக்டீரியாவே இல்லை, ஈஸ்ட். பேதிக்குப் பரவலாகக் கொடுக்கப்படுகிறது. மைய ரத்தக்குழாயில் குழாய் செருகியிருப்பவர்களுக்கும் எதிர்ப்புச் சக்தி குறைந்தவர்களுக்கும் இதைக் கொடுக்கக்கூடாது என்று ஐரோப்பிய மருந்து முகமை 2017இல் கண்டிப்பாகச் சொல்லிவிட்டது. கீமோவுக்காகக் கழுத்திலோ நெஞ்சிலோ போர்ட் (அப்படிப்பட்ட குழாயோடு இணைந்த, மருந்து ஏற்றும் சிறு கருவி) வைத்திருப்பவர்கள் இதைக் குறித்துக்கொள்ள வேண்டும்.

"இயற்கையானது, என்ன கெடுதல் செய்துவிடும்" என்பவர்களுக்கு நெதர்லாந்தின் ப்ரோபேட்ரியா சோதனையைச் சொல்வேன். நோய் வேறு, கடும் கணைய அழற்சி; முடிவு 2008இல் வந்தது. 298 நோயாளிகள். புரோபயாடிக் கொடுக்கப்பட்டவர்களில் 16 சதவீதம் பேர் இறந்தார்கள், கொடுக்கப்படாதவர்களில் 6 சதவீதம். நல்லது நடக்கும் என்று எதிர்பார்த்துத் தொடங்கிய சோதனை அது. கதிர்வீச்சு நோயாளிகளுக்கு இது நேரடியாகப் பொருந்தாது. ஆனாலும் டாக்டருக்குத் தெரியாமல் கொடுக்கும் யோசனையை அது என்னிடம் அடியோடு ஒழித்தது.

இதையெல்லாம் சுருக்கி பெரியம்மாவிடம் சொன்னேன். "அப்போ வரலாம், வராமலும் இருக்கலாம், அதானே?" என்றார். அதேதான். டாக்டரிடம் கேட்டோம். "குடுக்கலாம், தடையில்ல. ஆனா வெள்ளையணு இறங்கினா நிறுத்திடணும், காய்ச்சல் வந்தா உடனே சொல்லணும்" என்றார். அசிடோஃபிலஸும் பிஃபிடமும் உள்ள ஒன்றைத் தேடி வாங்கி, ரேடியேஷனுக்கு முந்தைய வாரமே தொடங்கினோம். மூன்றாவது வாரத்தில் பேதி வரத்தான் செய்தது. ஓரளவுதான், ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டிய அளவுக்குப் போகவில்லை. கேப்சூலினால்தான் அதோடு நின்றதா, அது இல்லாவிட்டாலும் அவ்வளவுதான் இருந்திருக்குமா? ஒரே ஆளை வைத்து இதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. "எங்க பெரியம்மாவுக்குக் கேட்டுச்சு" என்று நான் யாரிடமும் சொல்லாததற்குக் காரணம் அதுதான்.

அந்த வாரங்களில் நான் கவனித்த ஒன்று உண்டு. வீட்டில் எங்கள் பேச்சில் பாதி அந்தக் கேப்சூலைப் பற்றியே இருந்தது. காலையில் போட்டாச்சா, சாப்பாட்டுக்கு முன்னாடியா பின்னாடியா, ஃப்ரிட்ஜில் வைக்கணுமா? கதிர்வீச்சின் அளவு, கோணம், கீமோ எதுவும் எங்கள் கையில் இல்லை. நாங்களே தேர்ந்தெடுத்து, வாங்கி, கொடுத்த ஒரே பொருள் அதுதான். அதனால் அதன் எடை எங்கள் மனதில் ஊதிப் பெருத்துவிட்டது. உண்மையில் குடலைக் காப்பாற்றும் வேலையில் பெரும் பங்கு வேறு இடங்களில் நடந்துகொண்டிருந்தது.

உதாரணமாக, சிறுநீர்ப்பை. ஒவ்வொரு முறையும் மேசையில் படுப்பதற்கு முன் தண்ணீர் குடித்துச் சிறுநீரை அடக்கிக்கொண்டு வரச் சொல்வார்கள். பெரியம்மாவுக்கு அதுதான் மிகப் பெரிய தொல்லை, ஏதோ சடங்கு என்றுகூட நினைத்தார். நிரம்பிய சிறுநீர்ப்பை சிறுகுடலை மேலே தள்ளிக் கதிரின் பாதையிலிருந்து விலக்கிவிடும் என்று டெக்னீஷியன் படம் வரைந்து காட்டிய பிறகு முணுமுணுப்பு நின்றது. அடுத்தது ஐ.எம்.ஆர்.டி. என்ற முறை. கதிரின் அடர்த்தியைக் கட்டியின் வடிவத்துக்கேற்ப மாற்றி மாற்றிச் செலுத்துவது. குடலுக்குப் போகும் அளவு இதனால் குறைகிறது. இதற்கான ஆதாரம் புரோபயாடிக்குக்கு உள்ளதைவிடத் திடமானது. இது நம் வீட்டுச் சமையலறையில் முடிவாகிற விஷயம் இல்லை. ஆனால் எந்த முறையில் கொடுக்கப் போகிறீர்கள் என்று கேட்கலாம்.

சாப்பாட்டில் ஒரு ஆச்சரியம் இருந்தது. நார்ச்சத்தைக் குறையுங்கள் என்பதுதான் பல காலமாகக் கொடுக்கப்படும் அறிவுரை. லண்டனின் ராயல் மார்ஸ்டன் மருத்துவமனை 166 பேரை வைத்து நடத்தி 2017இல் வெளியிட்ட ஆய்வில், நார்ச்சத்தைக் கூடுதலாகச் சாப்பிட்டவர்களுக்குக் குடல் தொல்லை குறைவாக இருந்தது, ஒரு வருடம் கழித்துப் பார்த்தபோதும். குடலில் ஏற்கெனவே இருக்கும் பாக்டீரியாக்கள் நார்ச்சத்தைத் தின்று, குடற்சுவருக்கு எரிபொருளாகும் கொழுப்பு அமிலங்களை உருவாக்குகின்றன என்பது இதற்கான விளக்கங்களில் ஒன்று. புதிய பாக்டீரியாவை இறக்குமதி செய்வதைவிட இருப்பவற்றுக்குச் சாப்பாடு போடுவது எனக்கு அதிகம் பிடித்த யோசனை. ஆனால் பேதி கடுமையாக இருக்கும்போது இதைச் சொந்தமாகச் செய்து பார்க்க வேண்டாம், உணவியல் நிபுணரைக் கேட்க வேண்டும்.

எங்களுக்கு மிகவும் பயன்பட்டது ஒரு சாதாரண நோட்டு. எத்தனை முறை போனார், எப்படி இருந்தது, எவ்வளவு குடித்தார். வழக்கத்தைவிட நாளுக்கு நான்கு முதல் ஆறு முறை கூடினால் இரண்டாம் நிலை, ஏழோ அதற்கு மேலோ கூடினால் மூன்றாம் நிலை என்று டாக்டர்கள் ஒரு கணக்கு வைத்திருக்கிறார்கள். "நிறைய போச்சு" என்று சொன்னால் அவர்களால் ஒன்றும் செய்ய முடியாது. எண்ணிக்கையைக் காட்டியபோது நர்ஸ் உடனே லோபராமைடு எப்படி எடுப்பது என்று விளக்கினார்: முதலில் 4 மில்லிகிராம், பிறகு ஒவ்வொரு முறை நீராகப் போகும்போதும் 2, ஒரு நாளில் 16ஐத் தாண்டக்கூடாது. காய்ச்சலோ ரத்தமோ இருந்தால் அதைப் போடாமல் நேரே வரச் சொன்னார். கதிர்வீச்சு நேரத்தில் வரும் எல்லாப் பேதியும் கதிர்வீச்சால் வருவதில்லை; தொற்றாகவும் இருக்கலாம். உப்பும் சர்க்கரையும் சேர்ந்த நீர்க் கரைசல் எப்போதும் பக்கத்திலேயே இருந்தது.

சிகிச்சை முடிந்து சில வாரங்களில் பெரும்பாலானவர்களுக்கு வயிறு பழைய நிலைக்கு வந்துவிடும், குடலின் குழிகள் மறுபடி நிரம்பிக்கொள்ளும். பெரியம்மாவுக்கும் அப்படித்தான் ஆனது, கேப்சூலையும் அத்தோடு நிறுத்தினோம். சிலருக்கு மட்டும் மூன்று மாதம் தாண்டியும் தொடரும், அல்லது வருடங்கள் கழித்துப் புதிதாகத் தொடங்கும். அவர்களில் பலர் 'ரேடியேஷன் எடுத்த உடம்பு, இப்படித்தான் இருக்கும்' என்று கழிப்பறை எங்கே இருக்கிறது என்று பார்த்துப் பார்த்தே வெளியே போகிறார்கள். அல்லது ஒவ்வொரு புரோபயாடிக்காக மாற்றிப் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். அந்தக் கட்டத்தில் காரணம் பித்த உப்பு உறிஞ்சப்படாததாக இருக்கலாம், சிறுகுடலில் பாக்டீரியா அளவுக்கு மீறிப் பெருகியதாக இருக்கலாம். இரண்டுக்கும் பரிசோதனை உண்டு, தனித்தனி மருந்தும் உண்டு. சிறுகுடலில் பாக்டீரியா பெருகியிருந்தால் கொடுப்பது ஆன்டிபயாடிக், அதாவது நாம் செய்துகொண்டிருந்ததற்கு நேர் எதிர். இங்கிலாந்தில் இப்படித் தொல்லை தொடர்ந்த 218 பேரை வைத்து நடந்து 2013இல் வெளியான ஆர்பிட் என்ற சோதனையில், அறிகுறிகளை ஒவ்வொன்றாகப் பிடித்துக் காரணம் தேடி மருந்து கொடுத்தவர்களுக்கு, வெறும் வழிகாட்டிப் புத்தகம் கொடுக்கப்பட்டவர்களைவிட நன்றாகக் குணம் தெரிந்தது. அந்த வேலையைக் குடல்நோய் நிபுணர் செய்தபோது கிடைத்த பலன், அதே வழிமுறையை வைத்துக்கொண்டு பயிற்சி பெற்ற நர்ஸ் செய்தபோதும் கிடைத்தது.